படுக்கையைச் சுமந்த நால்வர்



கப்பர்நகூமில் ஒரு வீட்டின் கூரையைப் பிரித்து, திமிர்வாதக்காரன் ஒருவனைப் படுக்கையோடு இறக்கிய நால்வரை நாம் அறிவோம். அவர்களுடைய பெயர்கள் எழுதப்படவில்லை. நோயாளிக்கு அவர்கள் புத்தி சொன்னதாகவும் எழுதப்படவில்லை. ஆளுக்கொரு மூலையைப் பிடித்துச் சுமந்தார்கள், அவ்வளவே. ஒருவன் கையை விட்டிருந்தாலும் படுக்கை சாய்ந்திருக்கும்.

நம் குடும்பங்களில் இப்போது உடற்பருமனைக் குறைக்கும் அறுவை சிகிச்சைக்குச் செல்கிறவர்கள் இருக்கிறார்கள். பலர் அதை மறைத்தே செல்கிறார்கள். "பித்தப்பைக் கல்" என்றோ "சிறிய ஆபரேஷன்" என்றோ சொல்லிவிட்டுப் போகிறார்கள். மருத்துவமனையைவிட நம் நாவுக்கு அவர்கள் அதிகம் அஞ்சுகிறார்கள். ஆகவே இவ்வாரம் என் கருத்தை வெளிப்படையாகவே எழுதுகிறேன்: இந்தச் சிகிச்சைக்கு ஆயத்தப்பட வேண்டியவர் நோயாளி மட்டும் அல்லர். அவருடைய வீடும் ஆயத்தப்பட வேண்டும். நாமும் ஆயத்தப்பட வேண்டும்.

"இது விசுவாசக் குறைவு அல்லவா? வாயைக் கட்டினால் போதாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. பெருந்தீனி பாவம் என்று நான் பிரசங்கித்திருக்கிறேன், இனியும் பிரசங்கிப்பேன். ஆனால் ஒருவருடைய இடுப்பின் சுற்றளவு அந்தப் பாவத்தின் அளவுகோல் அன்று. அசனப் பந்தியில் மூன்று முறை சோறு வாங்கியும் மெலிந்தே இருப்பவர் உண்டு. அரை வயிறு உண்டும் எடை குறையாதவர் உண்டு. எடை குறையத் தொடங்கியதும் சரீரம் அதைப் பஞ்சகாலமாக எண்ணிப் பசியைக் கூட்டுகிறது, எரிசக்திச் செலவைக் குறைக்கிறது. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோனை ஜப்பானிய ஆய்வாளர்கள் 1999-ல் கண்டறிந்தார்கள். அது பெரும்பாலும் இரைப்பையின் மேற்பகுதியிலேயே சுரக்கிறது. 'ஸ்லீவ்' என்னும் சிகிச்சையில் அந்தப் பகுதி உட்பட இரைப்பையில் முக்கால் பங்குக்கும் மேல் அகற்றப்படுகிறது. 'பைபாஸ்' முறையில், ஏறத்தாழ இரண்டு மேசைக்கரண்டி மட்டுமே கொள்ளும் சிறு பையாக இரைப்பையைப் பிரித்து, அதைச் சிறுகுடலோடு இணைக்கிறார்கள்.

இது நேற்று வந்த நாகரிகமும் அன்று. அமெரிக்காவின் அயோவாவில் எட்வர்ட் மேசன் என்ற மருத்துவர் பைபாஸ் முறையை 1960-களிலேயே தொடங்கினார். சுவீடனில் 1987-ல் தொடங்கி ஆயிரக்கணக்கானோரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு, அறுவை சிகிச்சை பெற்றவர்களிடையே மரணங்கள் குறைவாக இருந்ததை 2007-ல் வெளியிட்டது. கண்புரைக்குக் கத்தியை ஏற்றுக்கொள்கிற நாம் இதற்கு மட்டும் ஏன் விசுவாசச் சான்றிதழ் கேட்கிறோம்?

அதே வேளையில், இதை மந்திரமாகவும் எண்ண வேண்டாம். ஆபத்து சிறிதாயினும் உண்டு. பழைய வழக்கம் திரும்பினால் எடையும் திரும்பும். எல்லாருக்கும் இது தேவையும் இல்லை. யாருக்கு ஏற்றது என்பதை மருத்துவர் சொல்லட்டும். அவர் சொல்லி, நம் உறவினர் தீர்மானித்த பின்பு, நாம் பிடிக்க வேண்டிய மூலைகள் நான்கு.

முதல் மூலை, சமையலறை. அறுவைக்கு முன் ஏறத்தாழ இரண்டு வாரங்கள் மிகக் குறைந்த கலோரி உணவை மருத்துவர்கள் பெரும்பாலும் விதிக்கிறார்கள். கொழுப்பு படிந்து வீங்கிய கல்லீரல் இரைப்பையின் மேல் கிடக்கிறது. அது சுருங்கினால்தான் மருத்துவரின் கருவிக்கு வழி கிடைக்கும். அந்த நாட்களில் அதே வீட்டில் பிரியாணி மணக்கலாமா? எல்லாரும் கஞ்சி குடியுங்கள் என்று நான் சொல்லவில்லை. அந்த இரண்டு வாரங்கள் விருந்தைத் தள்ளிவையுங்கள். முறுக்கு டப்பாவைக் கண்ணில் படாத இடத்தில் வையுங்கள். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவராயின், உணவு குறையும்போது மருந்தின் அளவையும் மாற்ற வேண்டியிருக்கும். அதை மருத்துவரிடம் முன்னதாகவே கேளுங்கள். புகைப்பவராயின் பல வாரங்களுக்கு முன்பே நிறுத்த வேண்டும். அவரோடு சேர்ந்து புகைக்கும் அண்ணனும் நிறுத்தினால், அதுவே அன்பின் செயல்.

இரண்டாம் மூலை, மருத்துவமனை. இரத்தப் பரிசோதனை, எண்டோஸ்கோப்பி, உறக்கத்தில் மூச்சுத் தடைபடுகிறதா என்னும் பரிசோதனை, உணவியல் நிபுணர், மனநல ஆலோசகர் என்று பல படிகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒருவர் கூடச் செல்லுங்கள். பயந்திருப்பவருக்குப் பாதிதான் காதில் விழும். நீங்கள் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். காப்பீட்டுத் தாள்களை நீங்களே வாசியுங்கள். ஆசியர்களுக்குப் பி.எம்.ஐ. 27.5-ஐக் கடந்தாலே இச்சிகிச்சையை முன்வைக்கலாம் என்று மருத்துவச் சங்கங்கள் 2022-ல் கூறின. ஆனால் நம் நாட்டின் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-ல் வகுத்த பொது விதியோ 40 அல்லது அதற்கு மேல் கேட்கிறது. கட்டுக்கடங்காத சர்க்கரை நோய், இதய நோய் போன்ற கடுமையான துணைநோய் இருந்தால் 35 போதும். 160 செ.மீ. உயரமுள்ளவருக்கு 35 என்பது ஏறத்தாழ 90 கிலோ. மருத்துவர் "தேவை" என்று சொல்வதும் காப்பீட்டு நிறுவனம் "தருகிறோம்" என்று சொல்வதும் வேறு வேறு. இதை முன்பே அறியாமல், பணம் கட்டும் நாளில் கலங்கி நிற்கும் நிலை ஒருவருக்கும் வர வேண்டாம்.

வீடு திரும்பிய பின்பும் விழித்திருங்கள். காய்ச்சல், வேகமான நாடித்துடிப்பு, கூடிக்கொண்டே போகும் வயிற்றுவலி, மூச்சுத்திணறல், கெண்டைக்கால் வீக்கம், நிற்காத வாந்தி ஆகியவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திராதீர்கள். ஜெபித்துக்கொண்டே வண்டியை எடுங்கள்.

மூன்றாம் மூலை, நாவு. இதுவே கனமான மூலை. நோயாளி அனுமதிக்காமல் அவருடைய சிகிச்சையை ஜெபக்குறிப்பாகக்கூட வெளியிடாதீர்கள். வாட்ஸ்அப் குழுவில் "நம் சகோதரிக்கு எடை குறைப்பு ஆபரேஷன், பாரத்தோடு ஜெபியுங்கள்" என்று எழுதுவது, பல வேளைகளில் ஜெபத்தின் உடையணிந்த வம்பு. "ஒரு சகோதரியின் சுகத்திற்காக" என்றால் போதாதா? ஆண்டவருக்கு விவரம் தெரியும். எடை குறைந்த பின் அவரைச் சாட்சி சொல்ல மேடைக்கு இழுப்பதும் தகாது. "இப்போதுதான் அழகாக இருக்கிறாய்" என்ற பாராட்டு, இத்தனை ஆண்டுகளும் நீ அழகாக இல்லை என்றே அவர் செவியில் ஒலிக்கும். "உன்னைப் பார்த்ததில் மகிழ்ச்சி" என்று சொல்லுங்கள். அது முன்பும் பின்பும் பொருந்தும்.

நான்காம் மூலை, பின்வரும் ஆண்டு. முதலில் நீராகாரம், பின்பு மசித்தது, பின்பு மென்மையானது என்று ஏறிச்சென்று, வழக்கமான உணவுக்கு வர ஏறத்தாழ ஆறு முதல் எட்டு வாரங்கள் ஆகலாம். அதன்பின்பும் உணவு சிறிதளவே. நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும். ஆகவே தட்டில் முட்டையும் மீனும் பருப்பும் முதலில், சோறு கடைசியில். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கலாகாது. அரை மணி நேரம் பொறுக்க வேண்டும். வைட்டமின் மாத்திரைகள் ஆயுள் முழுவதும் தொடர வேண்டும். சில மாதங்களில் முடி உதிரலாம். பெரும்பாலும் மீண்டும் வளரும். மணமான பெண்கள் 12 முதல் 18 மாதங்கள் கருத்தரிப்பைத் தள்ளிவைக்கும்படி அறிவுறுத்தப்படுகிறார்கள். மாமியார்களே, அந்த மாதங்களில் "விசேஷம் உண்டா?" என்று கேளாதீர்கள்.

நம் விருந்தோம்பல் இங்கேதான் சோதிக்கப்படுகிறது. நாம் அன்பைக் கரண்டியால் அளக்கிற ஜனம். "இன்னும் ஒரு கரண்டி, எனக்காக" என்று கெஞ்சுவது நமக்குப் பாசம். அவருக்கு அது வாந்தியும் வலியும். பைபாஸ் செய்தவர் கிறிஸ்துமஸ் கேக்கை ஒரு துண்டு கூடுதலாக உண்டால், வியர்த்து, படபடத்து, தலைசுற்றி உட்கார்ந்துவிடக்கூடும். வேண்டாம் என்பதை ஒரே முறையில் ஏற்றுக்கொள்ளுங்கள். உபவாச ஜெபத்துக்கும் இதே விதி. லெந்து நாட்களில் இவர்கள் உண்பதைக் கண்டு பக்தி குறைந்தவர்கள் என்று எண்ணாதீர்கள். மருத்துவரைக் கேளாமல் இவர்கள் உபவாசிக்க வேண்டாம் என்று போதகனாகவே சொல்லுகிறேன். நேரம் தவறாமல் அளவாய் உண்பது இவர்களுக்கு நாள்தோறும் உள்ள ஒழுக்கம். அது நம்முடைய நாற்பது நாட்களிலும் நீண்டது.

இன்னும் ஒன்று. உணவே பலருக்கு ஆறுதலாயிருந்தது. துக்கத்திலும் தனிமையிலும் கை நீண்ட இடம் அடைபடும்போது, துக்கம் அங்கேயே நிற்கும். ஆகவே எடை இறங்கும் மாதங்களில் மனம் சோர்வதைக் கண்டு வியவாதீர்கள். மாலையில் அவரோடு நடக்கச் செல்லுங்கள். சாப்பாடு இல்லாத ஒரு சந்திப்பை ஏற்படுத்துங்கள். சோர்வு ஆழமானால் மருத்துவரிடம் மீண்டும் அழைத்துச் செல்லுங்கள். ஒருவேளை அவர் கடைசி நாளில் அஞ்சி, சிகிச்சை வேண்டாம் என்று திரும்பி வந்தாலும், உங்கள் கதவு அதே அகலத்தில் திறந்திருக்கட்டும்.

அந்த நால்வருடைய விசுவாசத்தைக் கண்டே ஆண்டவர் நோயாளியோடு பேசினார் என்று சுவிசேஷம் காட்டுகிறது. அவர்கள் தோளில் தெரிந்த விசுவாசம் அது. உங்கள் வீட்டில் எவருக்கேனும் இப்படியொரு தேதி குறிக்கப்பட்டிருந்தால், இந்த வாரமே அவரிடம் சென்று, "நான் எந்த மூலையைப் பிடிக்கட்டும்?" என்று கேளுங்கள். பதிலை அவரே சொல்லட்டும்.

சரீரங்களை உண்டாக்கினவர், அவற்றை இகழாத இருதயத்தை நமக்குத் தந்தருளுவாராக. ஆமென்.