படிக்கவும் காசு, எழுதவும் காசு!

ஊரப்பாக்கம் ரெயில் நிலையத்தில் காலை வேளையில் நின்று பாருங்கள். புத்தகப் பையும் கையுமாக மாணவர் கூட்டம் நெரியும். தெற்கே பொத்தேரி, காட்டாங்கொளத்தூர் போகிறவர்கள் ஒரு பக்கம். வடக்கே தாம்பரம், கிண்டி போகிறவர்கள் மறு பக்கம். அவர்களில் சிலர் "டாக்டர்" பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறவர்கள்.

அந்தப் பிள்ளைகளின் வீடுகளில் ஒரு பேச்சு உண்டு.

"உன் கட்டுரை பத்திரிகையில் வந்ததாமே! எவ்வளவு பணம் கொடுத்தார்கள்?" என்று அப்பா கேட்பார்.

"அவர்கள் கொடுக்கமாட்டார்கள், அப்பா. நாம்தான் கட்டவேண்டும்" என்பாள் மகள்.

அப்பாவுக்குத் தலை சுற்றும். எழுதினவருக்குப் பணம் தருவதல்லவா உலக வழக்கம்? இது என்ன வியாபாரம்?

அவர் கேட்பது நியாயமான கேள்வி.

உழைப்பு யாருடையது?

ஆராய்ச்சிப் பத்திரிகை என்பது கதைப் பத்திரிகை அல்ல. ஒரு விஞ்ஞானி புதிதாகக் கண்டதை உலகத்துக்குச் சொல்லும் இடம் அது. 1665-ம் ஆண்டில் லண்டன் நகரில் ஒன்றும் பாரிஸ் நகரில் ஒன்றுமாக இந்தப் பத்திரிகைகள் தோன்றின. இன்று அவை ஆயிரம் ஆயிரமாகப் பெருகிவிட்டன.

அவை நடக்கும் விதத்தைப் பாருங்கள்.

கட்டுரையை எழுதுகிறவர் பேராசிரியர் அல்லது மாணவர். பெரும்பாலும் அவருக்குச் சம்பளமோ உதவித் தொகையோ கொடுப்பது சர்க்கார். அதாவது, நம் வரிப்பணம். கட்டுரையில் பிழை உண்டா என்று சோதித்துச் சொல்கிறவர்கள் வேறு பேராசிரியர்கள். அந்த வேலைக்குப் பெரும்பாலும் ஒரு காசு கூடக் கூலி கிடையாது. பக்கங்களைக் கோத்து அழகுபடுத்தும் வேலையில் பெரும் பகுதி நம் சென்னையிலும் புதுச்சேரியிலும் நடக்கிறது. அதில் சம்பாதிக்கும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு.

இவ்வளவும் முடிந்தபின், வெளிநாட்டுக் கம்பெனி அதற்கு ஒரு விலை போடுகிறது. நம் கல்லூரி நூலகமே அதை விலை கொடுத்து வாங்கவேண்டும்!

ஆம்ஸ்டர்டாம் நகரின் எல்சவியர் இந்தத் தொழிலில் மிகப் பெரிய கம்பெனிகளில் ஒன்று. அதன் தாய்க் கம்பெனி வெளியிட்ட கணக்கைப் பார்த்தால், இந்தத் தொழிலில் சமீப ஆண்டுகளில் 100 ரூபாய் வரவுக்கு 37 ரூபாய்க்கு மேல் லாபம். நம் ஊர் மளிகைக் கடைக்காரர் கேட்டால் பெருமூச்சு விடுவார்!

கதவு திறந்தது, வசூல் இடம் மாறியது

"இது அநியாயம். ஆராய்ச்சியை எல்லோரும் இலவசமாகப் படிக்கவேண்டும்" என்று 2002-ம் ஆண்டில், புடாபெஸ்ட் நகரில் கூடிய அறிஞர்கள் அறிக்கை வெளியிட்டார்கள். இண்டர்நெட் வந்துவிட்டது, காகிதச் செலவு இல்லை, பிறகு ஏன் பூட்டு என்று கேட்டார்கள். நல்ல கேள்வி. உலகம் முழுவதும் ஆதரவு எழுந்தது.

வியாபாரிகள் இதற்கும் ஒரு வழி கண்டார்கள். "சரி, படிப்பவர் காசு தரவேண்டாம். எழுதுகிறவர் தரட்டும்" என்றார்கள்.

புகழ் பெற்ற "நேச்சர்" பத்திரிகை 2021-ல் இந்த முறையைத் தொடங்கியபோது, ஒரு கட்டுரைக்கு வைத்த கட்டணம் 9,500 யூரோ. நம் பணத்தில் எட்டு லட்சம் ரூபாய்க்கு மேல்! மத்திய சர்க்காரின் உதவித் தொகை பெறும் இளம் ஆராய்ச்சி மாணவருக்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். ஏறக்குறைய இரண்டு வருஷம் சாப்பிடாமல் சேர்த்தால்தான் ஒரு கட்டுரைக்குக் காணும்.

எல்லாப் பத்திரிகையும் இப்படி அல்ல. இரு பக்கமும் காசு வாங்காத நல்ல பத்திரிகைகளும் ஆயிரக்கணக்கில் உண்டு. ஆனால் பெரிய பெயர் உள்ள இடத்தில் விலையும் பெரிதாக இருக்கிறது.

ஜாக்கிரதை!

காசு புழங்கும் இடத்தில் போலிகளும் வருவார்கள். "அறிஞர்கள் சோதித்து வெளியிடுகிறோம்" என்று சொல்லிவிட்டு, சோதிக்காமலே வெளியிட்டுப் பணம் கேட்டதாக ஐதராபாத்தின் ஓமிக்ஸ் நிறுவனத்தின் மீது அமெரிக்க சர்க்கார் வழக்குத் தொடர்ந்தது. ஐந்து கோடி டாலருக்கு மேல் கட்டும்படி 2019-ல் அங்குள்ள கோர்ட்டு தீர்ப்பளித்தது.

பெற்றோர்களே, "மூன்று நாளில் உங்கள் கட்டுரை வெளிவரும், பணம் அனுப்புங்கள்" என்று உங்கள் பிள்ளைக்குக் கடிதம் வந்தால், பையைத் திறக்காதீர்கள். முதலில் பேராசிரியரைக் கேட்கச் சொல்லுங்கள்.

வாடகை வீடும் சொந்த வீடும்

சர்க்கார் சும்மா இருக்கவில்லை. "ஒரே நாடு, ஒரே சந்தா" என்ற திட்டத்துக்கு 2024 நவம்பரில் மத்திய மந்திரிசபை அனுமதி கொடுத்தது. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். 30 கம்பெனிகளின் சுமார் 13,000 பத்திரிகைகள். 6,300-க்கு மேற்பட்ட சர்க்கார் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்கள். ஏறக்குறைய 1 கோடியே 80 லட்சம் பேருக்குப் பயன்.

இதைப் பாராட்டவேண்டும். சின்ன ஊர் அரசுக் கல்லூரி மாணவனும் பெரிய பத்திரிகைகளைப் பிரிக்க முடிகிறதே!

ஆனால், முதல் கட்டத்தில் சேர்ந்தவை சர்க்கார் நிறுவனங்கள் மட்டுமே. நம் ஜி.எஸ்.டி. சாலை நெடுக இருப்பவையோ பெரும்பாலும் தனியார் கல்லூரிகள். பெரிய கல்லூரி தன் பணத்தில் சந்தா கட்டும். சின்னக் கல்லூரி என்ன செய்யும்? படித்து முடித்து வெளியே வந்த பட்டதாரி? தனியாக வைத்தியம் பார்க்கும் டாக்டர்?

இன்னொன்று: இது வாடகை. ஊரப்பாக்கத்தில் இருப்பவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. பட்டணத்தில் வாடகை கொடுத்து அலுத்துப்போய், கடன் வாங்கி மனை வாங்கி, இங்கே சொந்த வீடு கட்டியவர்கள் எத்தனை பேர்! வாடகை எத்தனை ஆண்டு கொடுத்தாலும் வீடு நமதாகாது. கெடு முடிந்தால் வீட்டுக்காரர் வாடகையை உயர்த்துவார்.

நமக்குச் சொந்த வீடு இருந்தது

1907-ம் ஆண்டில் டெப்டி கலெக்டர் ராமசாமி அய்யர் இந்தியக் கணித சங்கத்தைத் தொடங்கினார். அந்தச் சங்கத்தின் பத்திரிகையில்தான் 1911-ல் ராமானுஜனின் முதல் கட்டுரை வந்தது. அப்போது அவருக்கு வேலை இல்லை. மறு ஆண்டு துறைமுகத்தில் கிடைத்த வேலைக்குச் சம்பளம் 30 ரூபாய். "முதலில் கட்டணம் கட்டு" என்று அந்தப் பிள்ளையிடம் யாராவது சொல்லியிருந்தால்?

சர். சி. வி. ராமனும் 1926-ல் சொந்தமாக ஒரு பௌதிகப் பத்திரிகை தொடங்கினார். நோபல் பரிசு வாங்கித் தந்த கண்டுபிடிப்பை 1928-ல் அதில்தான் வெளியிட்டார்.

"பத்திரிகை நடத்தச் செலவு இல்லையா?" என்று கேட்கலாம். உண்டு. ஆனால் அந்தச் செலவைத்தான் நாம் ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருக்கிறோமே, பிறருடைய லாபத்தையும் சேர்த்து! பிரேசில் நாடு 1998-ல் பொதுப்பணத்தின் உதவியோடு "சைஎலோ" என்ற இலவசக் களஞ்சியத்தைத் தொடங்கியது. அண்டை நாடுகளும் சேர்ந்துகொண்டன. அவர்களால் முடிந்தது நம்மால் முடியாதா?

செய்யவேண்டியவை மூன்று. வாடகைப் பணத்தில் ஒரு பங்கை ஒதுக்கி, இரு பக்கமும் காசு வாங்காத நல்ல பத்திரிகைகளை நாமே வளர்க்கவேண்டும். சர்க்கார் பணத்தில் எழுதிய கட்டுரையின் ஒரு பிரதியைப் பொதுவில் வைக்கவேண்டும் என்று மத்திய விஞ்ஞானத் துறைகள் 2014 டிசம்பரிலேயே விதி செய்தன. அந்த விதியைக் கண்டிப்புடன் நடத்தவேண்டும். பேராசிரியருக்கு உயர்வு கொடுக்கும்போது கட்டுரைகளை எண்ணாமல், படித்துப் பார்க்கவேண்டும்.

ஊர்ப் பணத்தில் வெட்டிய கிணறு அது. தண்ணீர் எடுக்க ஊராரிடம் காசு கேட்பது நியாயம் அல்ல. வாளி கொண்டுவருகிறவரிடம் கேட்பதும் நியாயம் அல்ல.