பெயர் ஒன்று, எஞ்சின் வேறு

ஊர்காவற்றுறையிலோ நயினாதீவிலோ நெடுந்தீவிலோ தண்டவாளம் இருந்ததில்லை. ஆயினும் தீவகத்தாருக்குப் புகையிரதம் அந்நியமன்று. தெற்கே கடை நடத்திய எம் வணிகர் பலர் கடல் கடந்து யாழ்ப்பாணம் வந்து, மெயில் வண்டி பிடித்துக் கொழும்பு சென்றவர்களே. 1905இல் முழுமையாகத் திறக்கப்பட்ட அப்பாதையில் 1990 யூனில் வண்டி நின்றது. 2014 ஒக்டோபரிலேதான் அது மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. இடைப்பட்ட 24 ஆண்டுகளில் இங்கே பிறந்தவர்க்குப் புகையிரதம் பாட்டனார் சொல்லும் கதையாயிற்று. நீராவி எஞ்சினோ அதற்கு முன்னரே கதையாகிவிட்டது.

இப்போது வெளிநாட்டு உறவினர் கொண்டுவரும் பெட்டிகளில் ஆங்கில எஞ்சின்களின் மாதிரிகள் வருகின்றன. (நீராவி எஞ்சின் என்று பெயர், உள்ளே இருப்பது பெரும்பாலும் 12 வோல்ட் மின்மோட்டார்.) "ஐயா, எங்கள் பாதையில் ஓடியது இதுதானா?" என்று மாணவர் வினவுகின்றனர். இதுவன்று, ஆனால் இதனை அதுவாக்க முயலலாம். இங்கே கடையில் கிடைக்காத எம் எஞ்சினைக் கையிற் காண அதுவே வழி.

இலங்கைப் புகையிரதப் பகுதியின் பி1 வகையை எடுத்துக்கொள்வோம். முன்னே நான்கு சிறு சக்கரம், பின்னர் ஆறு ஓட்டுச் சக்கரம், சாரதி அறையின் கீழே சிறு சக்கரம் கிடையாது. நிலக்கரியும் நீரும் பின்னே தனி வண்டியில். இங்கிலாந்திலும் லண்டன் வடகிழக்கு இரயில்வேயில் பி1 என்றொரு வகை இருந்தது. 1942 முதல் 410 எஞ்சின்கள் கட்டப்பட்டன. சக்கர ஒழுங்கும் அதேதான். ஹோர்ன்பி, பாக்மன் இரு கம்பனிகளும் அதன் மாதிரியை விற்றுள்ளன. பெயரும் ஒன்று, சக்கரக் கணக்கும் ஒன்று. வேலை பாதி முடிந்ததென்றே எவரும் எண்ணுவர்.

முடியவில்லை. அந்த ஆங்கில எஞ்சினின் ஓட்டுச் சக்கரம் 6 அடி 2 அங்குல விட்டமுடையது. எமது பி1 வகைக்கு அத்துணைப் பெரிய சக்கரம் இல்லை. புகைபோக்கியை அறுக்கலாம், கும்மட்டத்தை அரத்தால் தேய்க்கலாம், சாரதி அறையைப் பித்தளைத் தகட்டில் வெட்டி ஈயத்தால் ஒட்டலாம். சக்கரத்தின் அளவையும் அச்சுகளின் இடைவெளியையும் மாற்றுவதோ கொல்லன் தொழில். மாணவன் கைக்கு எட்டாது. ஆதலால் மாற்றுதற்குரிய மாதிரியை முகம் பார்த்து வாங்கற்க. கால் பார்த்து வாங்குக.

அளவுகளுக்கு எங்கே போவது? 2014 டிசம்பரில் கடுகண்ணாவையில் புகையிரத அரும்பொருளகம் திறக்கப்பட்டது. வசதியுள்ளோர் அளவுநாடாவுடன் அங்கே சென்று, அனுமதி பெற்றுப் பழைய எஞ்சின்களை நேரே அளக்கலாம். இயலாதோர்க்குப் பழைய புகைப்படமே போதும். எமது பாதையின் அகலம் 5 அடி 6 அங்குலம், அதாவது 66 அங்குலம். எஞ்சினை நேர் முன்னே நின்று எடுத்த படத்தில், முன்சக்கரம் தண்டவாளத்தைத் தொடும் இடத்திலே, உட்புறத்துக்கு உட்புறம் அளவுகோலை வையுங்கள். 33 மில்லிமீற்றர் வந்தால், படத்தில் ஒரு மில்லிமீற்றர் மெய்யில் 2 அங்குலம். அம்முகப்பிலுள்ள மற்றவற்றின் அகலமும் உயரமும் உடனே கைவசமாகும். பின்னே தள்ளி நிற்பவற்றை இவ்வாறு அளக்கலாகாது. தொலைவு அவற்றைச் சுருக்கிக் காட்டும். எட்டாம் வகுப்பு விகிதசமக் கணக்கு இதைவிடச் சுவையாக வேறெங்கும் பயன்பட்டதை நாம் கண்டதில்லை.

நிறத்தைக் கறுப்பு வெள்ளைப் படம் சொல்லாது. நிலையத்திலும் பாதையிலும் வேலை செய்த முதியோர் சிலர் இன்னும் எம்மிடையே உளர். அவர்களை இவ்வாண்டே கேட்டு எழுதிக்கொள்வது நல்லது. பெயர்ப்பலகை வேண்டுமாயின், எஞ்சியுள்ள பி1 எஞ்சின்களில் ஒன்று பிரெடரிக் நோர்த், மற்றொன்று சேர் தோமஸ் மேற்லண்ட். இருவரும் இலங்கையை ஆண்ட ஆங்கிலத் தேசாதிபதிகள். எமது வண்டிக்கு அவர்கள் பெயரா என்று முகஞ் சுளிப்பவர் இலக்கம் மட்டும் எழுதி அமையலாம்.

இனித் தண்டவாள அகலம். கடைமாதிரிகள் ஓடுவது 16.5 மில்லிமீற்றர்ப் பாதையில். அடிக்கு 4 மில்லிமீற்றர் என்ற அவற்றின் அளவுத்திட்டத்தில் எமது பாதைக்கு 22 வேண்டும். 16.5இலேயே நிறுத்தினால் எமது எஞ்சின் மெய்யளவில் ஓரடி நாலரை அங்குலம் ஒடுங்கிய பாதையில் நிற்கும். பருத்த உடலை ஒல்லிக் கால் தாங்குவது போலிருக்கும். பலர் அதைப் பொறுத்துக்கொள்கின்றனர். நாம் அகலப் பாதையின் பக்கமே. அதற்கு நீண்ட அச்சுகள் வேண்டும், சட்டத்தையும் விரிக்க வேண்டும், தண்டவாளமும் நாமே இட வேண்டும். மேசை நீளத்துக்கு ஒரு கெசம் நேராக இட்டாற் போதும். எஞ்சின் முன்னும் பின்னும் போய்வரும். வளைவை அடுத்த விடுமுறைக்கு வைத்துக்கொள்ளலாம்.