குடும்ப நலம்: பொடுகை வளர்க்கும் பழக்கங்கள்



ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள் கோயிலுக்குச் செல்லும் சாலையில் விடியற்காலையில் நின்று பார்த்தவர்கள் ஒரு காட்சியைக் கண்டிருப்பார்கள். தொழிற்சாலைப் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்க, ஈரக் கூந்தலை இறுக முடிந்துகொண்ட இளம்பெண்கள் விரைந்து ஏறிச் செல்வர். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் மோட்டார் கார் உற்பத்தி தொடங்கியதிலிருந்து இவ்வட்டாரத்தின் முகமே மாறிவிட்டது. வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர் தங்கத்தக்க குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது என்றால், எத்தனை தாய்மார் தம் பெண்மக்களைத் தொலைவிலிருந்து இங்கு அனுப்பி வைத்திருக்கின்றனர் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

அப்பெண்களுள் ஒருத்தியைப் பற்றியே இம்மாதம் எழுதுகிறோம். பெயரும் ஊரும் வேண்டா. ஞாயிறுதோறும் திருப்பலிக்குத் தவறாது வருவாள். ஆனால் கோயிலுக்குள் வந்து அமரமாட்டாள். வாயிற்படியருகே தூணோரம் நின்றுவிட்டு, இறுதி ஆசீர் பெற்றதும் போய்விடுவாள். ஏன் என்று வினவியபோது முதலில் மழுப்பினாள். பின்னர்க் கண்கலங்கிச் சொன்னாள்: “தலையெல்லாம் பொடுகு. பக்கத்தில் உட்காருகிறவர்கள் தோளைத் தட்டிக்கொண்டு நகர்ந்து உட்காருகிறார்கள். விடுதியில் என் துண்டைக்கூடத் தனியாக ஒதுக்கிவிட்டார்கள்.”

சிறிய துன்பம் என்று நகைத்துவிட வேண்டா. வீட்டைப் பிரிந்து வந்து உழைக்கும் ஒரு பெண், மனிதர் நடுவே அமரவும் கூசி நிற்பது சிறிய துன்பமன்று.

அவள் கவனக்குறைவானவள் அல்லள் என்பதே இதில் நாம் கருதத்தக்கது. தன் தலையை ஓயாது கவனித்தாள். ஊரிலிருந்து அம்மா மாதந்தோறும் அனுப்பும் எண்ணெயை இரவில் உச்சி முதல் அழுந்தத் தேய்த்துக்கொண்டு உறங்குவாள். வாரம் ஒரு முறை மட்டும் தலை முழுகுவாள். முதல் ஷிப்டுக்கு நேரமாகிவிடுமென்று ஈரத்தலையைக் கொண்டையிட்டு, அதன்மேல் தொழிற்சாலைத் தொப்பியை அணிந்து எட்டு மணி நேரம் நிற்பாள். அரிப்பெடுத்தால் இரவில் நகத்தால் சொறிவாள். தோழியர் சொல்லக் கேட்டு எலுமிச்சைச் சாற்றையும் தேய்த்துப் பார்த்தாள். எல்லாம் நன்மை கருதிச் செய்தவையே. பெரும்பாலானவை பொடுகை வளர்த்தன.

அதன் காரணத்தை அறிந்துகொள்வோம். நம் எல்லோருடைய தலைத்தோலிலும் மலாசீசியா என்னும் நுண்ணிய பூசணம் குடியிருக்கிறது. 1874-ல் பிரெஞ்சு நாட்டு அறிஞர் மலாசே இதனை விவரித்தார். அவர் பெயரே இதற்கு வழங்கலாயிற்று. இப்பூசணம் தனக்கு வேண்டிய கொழுப்பைத் தானே ஆக்கிக்கொள்ள இயலாதது. ஆகவே நம் தோல் சுரக்கும் எண்ணெய்ப் பசையைச் சிதைத்து உண்கிறது. அப்போது மிஞ்சும் சில அமிலங்கள், அவற்றைத் தாங்காத தலைத்தோலை உறுத்துகின்றன. உறுத்தப்பட்ட தோல் முறையாக முதிருமுன்னரே விரைந்து உதிர்கிறது. அந்த உதிர்வையே பொடுகு என்கிறோம். வயது வந்தோரில் ஏறத்தாழப் பாதிப் பேர் வாழ்வில் எப்போதாவது இதனை அடைகின்றனர். இது அழுக்கின் அடையாளமுமன்று. ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதுமன்று.

இனி, பழக்கங்களை ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

முதலாவது, எண்ணெய். “எண்ணெய் காணாமல் தலை காய்ந்துதான் உதிர்கிறது” என்பது நம் தாய்மாரின் கருத்து. தேங்காயெண்ணெய் மயிரிழையைக் காக்கும் என்பது மெய்யே. ஆயினும் பொடுகு கண்ட தலைத்தோலில் எண்ணெயை இரவெல்லாம் ஊறவிடுவது, பூசணத்திற்கு விருந்து வைப்பதை ஒக்கும். ஆய்வுக்கூடங்களில் இதனை வளர்ப்பதற்கு ஒலிவ எண்ணெயைச் சேர்ப்பது வழக்கம் என்றால், வேறு விளக்கம் வேண்டுமோ? எண்ணெய் வேண்டுவோர் கூந்தலின் நீளத்திற்கும் நுனிக்கும் இடலாம். தலைத்தோலைத் தேறும்வரை விட்டுவிடுதல் நன்று.

இரண்டாவது, தலை முழுகாதிருத்தல். அடிக்கடி குளித்தால் முடி உதிரும் என்றஞ்சி வாரக்கணக்கில் விடுவோர் பலர். வியர்வையும் எண்ணெய்ப் பசையும் தங்கும் தலையில் பொடுகு பெருகும். தொப்பியும் தலைக்கவசமும் அணிந்து உழைப்போர் வாரம் இரண்டு மூன்று முறையேனும் தலை கழுவுதல் வேண்டும். சீயக்காய்த்தூள் பயன்படுத்துவோர் அதன் துகள் தங்காதபடி அலசுதல் வேண்டும். இல்லையேல் அதுவே உறுத்தும்.

மூன்றாவது, ஈரத்தை மூடுதல். ஈரமும் வெப்பமும் கூடிய இடம் பூசணத்திற்கு உகந்தது. விடியற்காலை வேலைக்குச் செல்வோர் முந்தின மாலையே தலை முழுகி, உலர்த்திவிட்டு உறங்கலாம். தொப்பியையும் தலைக்கவசத்தின் உட்துணியையும் துவைத்து வெயிலில் காயவைத்தல் வேண்டும்.

நான்காவது, சொறிதல். நகமும் கூர்ஞ்சீப்பும் தோலைக் கீறிப் புண்ணாக்கும்; புண்ணில் சீழ் பிடிக்கும். எலுமிச்சைச் சாறும் சமையல் சோடாவும் அப்புண்ணில் எரிச்சலையே மிகுவிக்கும்.

ஐந்தாவது, பொறுமையின்மை. கீட்டோகோனசோல், துத்தநாக பைரிதியோன், செலீனியம் சல்பைடு முதலிய மருந்து கலந்த ஷாம்புகள் நல்ல பயன் தருவன. ஆனால் நம்மவர் தலையில் இட்டவுடனே கழுவிவிடுகின்றனர். நுரையைத் தலைத்தோலில் மூன்று முதல் ஐந்து நிமிடம் வரை நிற்கவிட்டே கழுவ வேண்டும். கீட்டோகோனசோல் 2 விழுக்காடு உள்ளதை வாரம் இருமுறையாக இரண்டு முதல் நான்கு வாரம் பயன்படுத்தி, பின்னர் ஒன்று அல்லது இரண்டு வாரத்திற்கு ஒருமுறை தொடர்வது வழக்கம். குறைந்துவிட்டதென்று அறவே நிறுத்தினால் திரும்பவும் வரும். ஏனெனில் பொடுகு அடங்குமேயன்றி, வேரோடு அழிவதன்று.

ஆறாவது, மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு களிம்பு. அன்றைக்கு அரிப்பு தணியும். மருத்துவர் மேற்பார்வையின்றி நீடித்துப் பூசினால் தோல் மெலிந்து வேறு கேடுகள் சேரும்.

உறக்கக் குறைவும் மனக்கவலையும்கூடப் பொடுகை மிகுவிப்பன. வாரந்தோறும் மாறும் ஷிப்டில் உழைப்போருக்கு இவ்விரண்டும் புதியவை அல்ல. வேளாங்கண்ணியில் முடி காணிக்கை செலுத்தினால் பொடுகு போய்விடும் என்று கருதுவோரும் உளர். காணிக்கை பக்தியின் செயல். அதனை மருந்தாக எண்ணலாகாது. முடி போனாலும் தோலும் அதன் எண்ணெய்ப் பசையும் அங்கேயே இருக்கின்றன.

ஓர் எச்சரிக்கை. உதிர்வன எல்லாம் பொடுகல்ல. வெள்ளி நிறத் தடித்த செதில்கள் காதோரத்திலும் முழங்கையிலும் காணப்பட்டால் அது சொரியாசிஸ் ஆகலாம். சிறு குழந்தைகளின் தலையில் வட்டமாக முடி உதிர்ந்து செதில் கண்டால் அது படர்தாமரையாகலாம், அது தொற்றுவது. ஆகவே சீப்பையும் துண்டையும் தனித்தனியே வைத்திருப்பது எல்லோருக்கும் நன்று. அது யாரையும் ஒதுக்குவதற்காக அன்று. நான்கு வாரத்தில் குணம் காணாவிடில், இ.எஸ்.ஐ. அட்டை உடையோர் அம்மருத்துவமனையிலும், ஏனையோர் அரசு மருத்துவமனையிலும் தோல் மருத்துவரைக் காணுதல் வேண்டும்.

அப்பெண் அவ்வாறே மருத்துவரைக் கண்டாள். ஆயினும் எண்ணெயை நிறுத்தச் சொன்னபோது தயங்கினாள். “அம்மா காய்ச்சி அனுப்புவது” என்றாள். அத்தயக்கம் நமக்குப் புரிந்தது. அப்புட்டியில் இருந்தது எண்ணெய் மட்டுமன்று; தொலைவிலிருந்து மகளின் தலையை வருடும் தாயின் கையும் அதில் இருந்தது. நுனிக்கூந்தலுக்கு மட்டும் இட்டுக்கொள், அம்மாவிடம் காரணத்தை எடுத்துச் சொல் என்றோம். சொன்னாள். தாயும் சில நாள் வருந்தி, பின் ஏற்றுக்கொண்டார்.

பொடுகு இன்னும் முற்றும் நீங்கவில்லை, பெரிதும் குறைந்திருக்கிறது. சென்ற ஞாயிறு அவள் உள்ளே வந்து கடைசி வரிசையில் அமர்ந்தாள். அருகிலிருந்த மூதாட்டி ஒருவர் நகர்ந்தார். விலகுவதற்காக அன்று, அவளுக்கு இடம் கொடுப்பதற்காக.

அன்பர்களே, மருந்து தோலுக்கு வேண்டும். இடம் மனிதருக்கு வேண்டும். நம் தலைமயிரையும் எண்ணி வைத்திருக்கும் தந்தையின் இல்லத்தில், தோளில் உதிர்ந்த வெண்துகளை எண்ணிக்கொண்டிருப்பது நமக்குத் தகுமோ? உங்கள் பங்கிலும் வாயிற்படியருகே எவரேனும் நின்றுகொண்டிருக்கக்கூடும். அடுத்த ஞாயிறு திரும்பிப் பாருங்கள்.