வேண்டாம் என்பதை எப்படிச் சொல்வது?

பெருநாள் விடுமுறைக்குக் கம்பம், உத்தமபாளையம், போடி என்று ஊர் திரும்பும் நம் பிள்ளைகள், பெங்களூரிலும் துபாயிலும் பழகிய சில ஆங்கிலத் தொடர்களையும் உடன் கொண்டு வருகிறார்கள். மாமி இன்னொரு கரண்டி நெய்ச்சோறு வைக்க வந்தால் 'நோ தேங்க்ஸ்' என்கிறார்கள். தேநீர் வேண்டுமா என்றால் 'ஐ ஆம் குட்' என்று பதில் வருகிறது. நலம் விசாரிக்கவில்லையே, தேநீர்தானே கேட்டோம் என்று பெரியவர்கள் திகைக்கிறார்கள். விருந்துக்கு அழைத்தால் 'மேபி நெக்ஸ்ட் டைம்'. பண்பாடு போயிற்று என்று இதற்கு முகம் சுளிப்போர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை.

'நோ தேங்க்ஸ்' என்ற இரு சொற்களில் மறுப்பும் இருக்கிறது, நன்றியும் இருக்கிறது. நம்முடைய 'வேண்டாம்' தனியே நின்றால் சற்றுக் கடுமையாகத்தான் ஒலிக்கும். அதனால்தான் நம் முன்னோர் 'போதும்', 'இருக்கட்டும்' என்று மென்மையாக்கினர். அவற்றில் குறையில்லை. ஆனால், பசியோடு வந்தவர் கூச்சத்தால் 'இப்போதுதான் சாப்பிட்டேன்' என்கிறாரே, அது என்ன? நபி (ஸல்) அவர்கள் முன் உணவு வந்தபோது, உடனிருந்த பெண்களுக்கும் கொடுத்தார்கள். அவர்கள் 'எங்களுக்கு விருப்பமில்லை' என்றனர். பசியையும் பொய்யையும் ஒன்றுசேர்க்க வேண்டாம் என்று நபியவர்கள் தடுத்ததை அஸ்மா பின்த் யஸீத் (ரலி) அறிவிப்பதாக இப்னு மாஜாவில் காண்கிறோம். நாம் மரியாதை என்று கருதுவதை அங்கே பொய் என்றே சொல்லியிருக்கிறார்கள்.

மறுக்கவே கூடாது என்பதல்ல. ஸஅப் இப்னு ஜத்தாமா (ரலி) வேட்டையாடிய காட்டுக் கழுதையை அன்பளிப்பாகக் கொண்டு வந்தார். நபியவர்கள் அதை ஏற்கவில்லை. அவருடைய முகம் வாடியதைக் கண்டதும், தாம் இஹ்ராமில் இருப்பதாலேயே திருப்பித் தந்ததாக விளக்கினார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள செய்தி இது. காரணம் உண்மையானது, அதைச் சொல்ல ஒரே வாக்கியம் போதுமானதாக இருந்தது. கொடுத்தவரின் முகத்தைப் பார்த்துச் சொன்னார்கள் என்பதே இதில் நான் மிகவும் விரும்பும் பகுதி.

நம்மிடையே இன்னொரு வழக்கம் வேரூன்றியிருக்கிறது. 'வலீமாவுக்கு அவசியம் வரவேண்டும்' என்றால், போகும் எண்ணம் சிறிதும் இல்லாதவரும் 'இன்ஷா அல்லாஹ்' என்கிறார். அழைத்தவரோ அவருக்கும் சேர்த்து அரிசி அளக்கிறார். நாளை ஒன்றைச் செய்வேன் என்று சொல்லும்போது அல்லாஹ் நாடினால் என்று சேர்த்துச் சொல்லுமாறு அல்கஹ்ஃப் அத்தியாயம் கற்பிக்கிறது. செய்ய நினைத்தவன் சொல்லவேண்டிய சொல், செய்ய நினைக்காதவனின் ஒளிவிடமாகிவிட்டது. இதற்கு 'மேபி நெக்ஸ்ட் டைம்' எவ்வளவோ மேல். அதிலாவது அல்லாஹ்வின் பெயர் இல்லை.

சோற்று விஷயத்தில் இதன் இழப்பு சிறிது. சம்பந்தம் பேசும் இடத்தில்தான் உள்ளம் வலிக்கிறது. பெண் பார்த்துச் சென்றவர்கள் 'கலந்து பேசிச் சொல்லி அனுப்புகிறோம்' என்கிறார்கள். படித்த குடும்பமானால் வாட்ஸ்அப்பில் 'வி வில் கெட் பேக் டு யூ'. பிறகு மாதக்கணக்கில் மௌனம். ஒருவர் பெண் கேட்டிருக்க, அவர் விலகும் வரையிலோ அனுமதி தரும் வரையிலோ மற்றவர் கேட்கலாகாது என்ற நபிமொழியைப் பெண்ணின் அத்தா அறிவார். சம்மதம் ஏற்பட்ட பின்னரே இத்தடை பொருந்தும் என்று சட்ட அறிஞர்கள் பலர் விளக்கியிருக்கிறார்கள். ஆயினும் மானமுள்ள குடும்பம் காத்துத்தான் இருக்கும். அடுத்த வரன் வாசல் வரை வந்து திரும்பிப் போகும். அந்தப் பெண்ணோ, தன்னிடம் என்ன குறை கண்டார்கள் என்று கண்ணாடி முன் நின்று தேடிக்கொண்டிருப்பாள்.

'எங்களுக்குப் பொருந்தி வரவில்லை. எங்களை உபசரித்ததற்கு ஜஸாகல்லாஹு கைரன். அல்லாஹ் உங்கள் மகளுக்கு நல்ல வாழ்வைத் தருவானாக' என்று சொல்ல அரை நிமிடம் போதும். இதைத் தரகரிடம் சொல்லி அனுப்புவதைவிட, மாப்பிள்ளையின் அத்தாவே தொலைபேசியில் அழைத்துச் சொல்வது நல்லது. பார்த்து வந்த அதே வாரத்தில் அழைத்தால் இன்னும் நல்லது.