இறந்தவர் சொத்தும் இருப்பவர் கடமையும்

எஸ்டேட் என்றால் நமக்குத் தெரிந்தது ஒன்றுதான். விடியுமுன் பிரட்டு, நிரை நிரையாகப் பால்மரம், மங்கு, வாளி, கொட்டகையில் நிறுவை. சட்டப் புத்தகத்தில் அதே சொல்லுக்கு வேறு பொருள் உண்டு. ஒருவர் இறக்கும்போது விட்டுச் செல்லும் வீடு, நிலம், ரொக்கம், பங்கு ஆகிய அனைத்தும் சேர்ந்ததே அவருடைய எஸ்டேட். "மரம் வெட்டிப் பிழைத்தவனுக்கு ஏது எஸ்டேட்?" என்று கேட்போர் நம்மிடையே பலர். அந்தக் கேள்வியில்தான் நம் குடும்பங்களின் நஷ்டம் தொடங்குகிறது.

தொழிலாளிக்குச் சொத்து இல்லை என்பது பழைய கதை. மாதந்தோறும் சம்பளத்தில் பிடித்த ஊழியர் சேமநிதி அவருடைய சொத்து. தோட்டத்து லயத்தைக் காலி செய்யும் நாள் வருமுன் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாங்கிய மலிவு விலை வீடு அவருடைய சொத்து. தோட்டத் துண்டாடலால் ஆயிரமாயிரம் குடும்பங்கள் திசை தெரியாமல் நின்ற காலத்தில், 1960ஆம் ஆண்டில் துன் சம்பந்தன் முன்னின்று தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்த பங்கும் சொத்தே. இவை சிறியவையாக இருக்கலாம். ஆனால் ஒருவர் வாழ்நாள் முழுதும் உழைத்ததன் மிச்சம் இவைதாம்.

அந்த மிச்சம் மனைவி மக்கள் கைக்கு ஒழுங்காகப் போய்ச் சேருகிறதா? பல வீடுகளில் சேருவதில்லை என்பதே நாம் காணும் உண்மை. இறந்து பல ஆண்டுகள் ஆனவர் பெயரிலேயே வீட்டு கிராண்ட் கிடக்கிறது. விற்க முடியவில்லை, அடமானம் வைக்க முடியவில்லை, பெயர் மாற்றவும் முடியவில்லை. காரணம் கேட்டால், "வரி கட்டவேண்டும் என்கிறார்கள், அதற்குப் பயந்து விட்டுவிட்டோம்" என்று சிலர் சொல்லுகிறார்கள். இந்தப் பயத்தை முதலில் போக்க விரும்புகிறோம்.

இறந்தவர் சொத்தின்மீது வரி வாங்கும் சட்டம் இந்நாட்டில் ஒரு காலத்தில் இருந்தது. 1941ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் 1991ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் தேதி முதல் நீங்கியது. அந்நாள் முதல் இறந்தவர்களின் சொத்துக்கு அவ்வரி கிடையாது. சிங்கப்பூரிலும் 2008ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் தேதியோடு அது ஒழிந்தது. அதற்கு முன் இறந்தவரின் சொத்து இன்னும் மாற்றப்படாமல் இருந்தால் மட்டும் அக்காலத்துச் சட்டத்தைக் கேட்டறிய வேண்டும். மற்றவர்கள் வரிக்குப் பயந்து ஒதுங்கி நிற்பதற்குக் காரணமே இல்லை.

மரபுரிமை வரி திரும்ப வரவேண்டும் என்ற பேச்சு அவ்வப்போது எழுகிறது. அது வந்தால் நம் நிலை என்ன? பெருஞ்செல்வர் விட்டுச் செல்லும் கோடிகளில் ஒரு பங்கைப் பொது நன்மைக்குக் கேட்பதைத் தொழிலாளர் இயக்கம் எதிர்க்க வேண்டியதில்லை. ஆனால் பாட்டாளியின் ஒற்றை வீடும் அவர் சேமநிதியும் அதற்கு வெளியே நிற்க வேண்டும். வரிச் சீட்டு வரும்வரை விதவையின் மனுவைக் கட்டிப் போடும் பழைய முறையும் திரும்பக் கூடாது. இவ்விரண்டையும் அன்றைக்குச் சொல்வதைவிட இன்றே சொல்லி வைப்பது நல்லது.

வரி போய்விட்டது, பத்திர வேலை போகவில்லை. அதையும் எளிதாக்கியதாக அரசாங்கம் சொல்லுகிறது. அதில் உண்மை உண்டு. 1955ஆம் ஆண்டின் சிறு சொத்துப் பங்கீட்டுச் சட்டப்படி, உயில் எழுதாமல் வீடோ நிலமோ விட்டு இறந்தவரின் சொத்து குறித்த மதிப்புக்குள் இருந்தால், வாரிசுகள் வழக்கறிஞரைப் பிடித்து உயர் நீதிமன்றம் ஏற வேண்டியதில்லை. மாவட்ட நில அலுவலகத்தின் வழியாக மனுக் கொடுத்துப் பங்கிட்டுக் கொள்ளலாம். அந்த எல்லை 600,000 வெள்ளியாக இருந்தது. 2009இல் 20 லட்சம் வெள்ளியாயிற்று. 2024ஆம் ஆண்டு ஜூலையில் 50 லட்சம் வெள்ளியாக உயர்ந்துவிட்டது.

இந்தச் சலுகை யாருக்கு? இதை நாம் கேட்டே ஆகவேண்டும். 1980களில் மலிவு விலை வீட்டுக்கு அரசாங்கம் வைத்த விலை 25,000 வெள்ளி. அந்த வீட்டின் மதிப்பு இன்று பல மடங்கு ஏறியிருந்தாலும், பழைய எல்லைக்குள்ளேயே பால்மரத் தொழிலாளியின் சொத்து அடங்கிவிடும். எல்லையை 20 லட்சமாக்கியதும் 50 லட்சமாக்கியதும் பட்டணத்து வியாபாரிக்கு உதவும், வசதி படைத்தவருக்கு உதவும். அவர்கள் நன்மை அடைவதில் நமக்குப் பொறாமை இல்லை. ஆனால் நம்மவர் நில அலுவலகப் படியேறாமல் நின்றது எல்லை குறைவாக இருந்ததால் அன்று. அவர்கள் கையில் காட்டுவதற்குப் பத்திரம் இல்லை. நம் குறை அங்கே இருக்கிறது. சட்டம் அந்தக் குறையை இன்னும் தொடவில்லை.

முதலாவது, திருமணப் பதிவு. 1982ஆம் ஆண்டு மார்ச் 1ஆம் தேதிக்கு முன் வழக்கப்படி கோயிலிலோ வீட்டிலோ நடந்த திருமணத்தைச் சட்டம் பதிவானதாகவே கருதுகிறது. அதற்குப் பின் நடந்தவற்றுக்குப் பதிவு கட்டாயம். ஐயர் வைத்துத் தாலி கட்டி, தோட்டமே கூடி விருந்துண்டு, முப்பது ஆண்டுகள் குடித்தனம் நடத்தியிருந்தாலும், பதிவுப் பத்திரம் இல்லாத மனைவி "நான்தான் மனைவி" என்று மெய்ப்பிக்கப் போராட வேண்டியிருக்கிறது. பிள்ளைகளின் உரிமையும் அதோடு சேர்ந்து கேள்விக்குள்ளாகிறது.

இரண்டாவது, வளர்ப்புப் பிள்ளை. தாய் தகப்பனை இழந்த குழந்தையை அடுத்த வீட்டார் எடுத்து வளர்ப்பது நம் தோட்டங்களின் பெருமை. ஆனால் முறைப்படி சுவீகாரம் செய்து பதியாவிட்டால், உயில் இல்லாத சொத்தில் அந்தப் பிள்ளைக்குச் சட்டம் ஒரு காசும் ஒதுக்காது. சோறு போட்டு வளர்த்த கையே அந்தப் பத்திரத்தையும் எடுத்து வைக்க வேண்டும்.

மூன்றாவது, பெயர். முனியாண்டி என்பவர் அடையாளக் கார்டில் ஓர் எழுத்தில் இருப்பார், பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் வேறு எழுத்தில் இருப்பார், செக்ரோலில் மூன்றாவது எழுத்தில் இருப்பார். தகப்பன் பெயர் ஒன்றில் இருக்கும், மற்றொன்றில் இராது. இவர் அவர்தான் என்று மெய்ப்பிக்கச் சத்தியப் பிரமாணம், சாட்சி, அலைச்சல். இறந்தபின் மகன் செய்யும் இந்த வேலையை, உயிரோடு இருக்கும்போது அவரே செய்திருந்தால் மிகவும் எளிதாக முடிந்திருக்கும்.

இனி, சட்டம் எப்படிப் பங்கிடுகிறது என்பதையும் தெரிந்து கொள்வோம். தீபகற்பத்தில் முஸ்லிம் அல்லாதார் உயிலின்றி இறந்தால் 1958ஆம் ஆண்டின் பங்கீட்டுச் சட்டம் பொருந்தும். 1997இல் அது திருத்தப்பட்டது. மனைவி, மக்கள், பெற்றோர் மூவரும் இருந்தால் மனைவிக்குக் கால் பங்கு, பெற்றோருக்குக் கால் பங்கு, பிள்ளைகளுக்கு அரைப் பங்கு. பெற்றோர் இல்லையேல் மனைவிக்கு மூன்றில் ஒன்று, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு. முஸ்லிம் தோழர்களுக்கு அவர்களுடைய மார்க்கச் சட்டப்படி பங்கீடு நடக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 60,000 வெள்ளி பெறும் வீட்டை விட்டு ஒருவர் இறக்கிறார். மனைவி, மூன்று பிள்ளைகள், வயதான தாய் இருக்கிறார்கள். மனைவிக்கு 15,000, தாய்க்கு 15,000, பிள்ளை ஒன்றுக்கு 10,000. "வீடு எனக்குத்தானே" என்று மனைவி நினைத்திருப்பார். சட்டக் கணக்கில் நான்கில் ஒன்றுதான் அவருடையது. பிறகு பார்க்கலாம் என்று மனுவைத் தள்ளிப் போடுகிறார்கள். இதற்கிடையில் தாயும் காலமாகிறார். அவருடைய 15,000 இப்போது அவருடைய மற்றப் பிள்ளைகளுக்கும் பிரிய வேண்டும். கொழுந்தன் வருகிறார், நாத்தனார் வருகிறார். அவர்களில் ஒருவர் இறந்தால் அவர் மக்கள் வருகிறார்கள். ஐந்து பேர் கையெழுத்தில் முடிந்திருக்க வேண்டிய காரியத்துக்கு இருபது பேரைத் தேடி ஊர் ஊராக அலைய வேண்டியதாகிறது. தள்ளிப் போட்ட ஒவ்வோர் ஆண்டும் பங்காளியைக் கூட்டுகிறது, பங்கைக் குறைக்கிறது, சண்டையை வளர்க்கிறது.

இதைத் தடுக்க உயிரோடிருக்கும்போதே செய்யக்கூடியவை உண்டு. சேமநிதியில் நியமனதாரர் பெயரைப் பதிந்து வையுங்கள். முஸ்லிம் அல்லாதவரின் நியமனதாரர் அந்தப் பணத்தைத் தமக்கே உரியதாகப் பெறுகிறார். ஆகவே எவர் பெயரை எழுதுகிறோம் என்பதில் கவனம் வேண்டும். வேலைக்குச் சேர்ந்த வயதில் தாய் பெயரையோ அண்ணன் பெயரையோ எழுதிவிட்டு, திருமணமாகிப் பிள்ளைகள் பிறந்தபின்னும் மாற்றாமல் விடுவோர் பலர். திருமணம் நடந்துவிட்டது என்பதனால் சேமநிதி நியமனம் தானாக மாறிவிடாது. நியமனதாரர் நமக்கு முன்னே இறந்துவிட்டால் அந்த நியமனம் செல்லாது. கூட்டுறவுப் பங்கு வைத்திருப்போரும் தங்கள் சங்கத்தில் நியமனதாரர் பெயர் இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

உயில் எழுதுவது பணக்காரர் வேலை என்று எண்ணற்க. 18 வயது நிறைந்த எவரும் எழுதலாம். இரண்டு சாட்சிகள் ஒருசேர இருக்கும்போது அவர்கள் முன் கையெழுத்திட வேண்டும், அவர்களும் கையெழுத்திட வேண்டும். உயிலில் சொத்துப் பெறுபவரோ அவருடைய கணவன் மனைவியோ சாட்சியாக நின்றால் அவர் பெறும் பங்கு போய்விடும். உயில் எழுதியபின் திருமணம் செய்தால் பொதுவாகப் பழைய உயில் ரத்தாகும், புதிதாக எழுத வேண்டும். இந்த விதி சேமநிதி விதிக்கு நேர்மாறானது. இரண்டையும் குழப்பிக் கொள்ளாதீர்கள்.

உயில் இன்றி ஒருவர் இறந்துவிட்டால், அழுது முடித்த கையோடு காரியத்தைத் தொடங்க வேண்டும். மரணப் பத்திரம், வீட்டு கிராண்டின் நகல், திருமணப் பத்திரம், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், வாரிசுகளின் அடையாளக் கார்டு ஆகியவற்றுடன் வீடோ நிலமோ இருக்கும் மாவட்டத்தில் மனுச் செய்ய வேண்டும். பின்பு விசாரணைக்கு நாள் குறிப்பார்கள். வாரிசுகள் வரவேண்டும், வர முடியாதவர் முறைப்படி சம்மதம் எழுதித் தரவேண்டும். உத்தரவு கைக்கு வந்ததும் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டு, காரியம் முடிந்ததாக நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். கிராண்டில் பெயர் ஏறும்போதுதான் காரியம் முடிகிறது. 18 வயது நிரம்பாத பிள்ளைகளின் பங்கை அவர்களுக்காகப் பொறுப்பாளர் ஒருவர் காத்து வைக்க வேண்டும். அந்தப் பங்கு சித்தப்பாவின் கடனுக்கும் அல்ல, மாமாவின் கடைக்கும் அல்ல.

கிராணித் தோழர்களுக்கு இங்கே பெரிய பொறுப்பு இருக்கிறது. அவர்களுடைய பேனாவால் எழுதப்பட்ட பெயரோடுதான் தொழிலாளி வாழ்நாள் முழுதும் நடக்கிறார். பத்திரங்களை ஒப்புநோக்கி, "இந்த எழுத்து மாறியிருக்கிறது, இப்போதே திருத்திக் கொள்" என்று ஒரு சொல் சொன்னால் ஒரு குடும்பம் பிழைக்கும். சங்கக் கிளைகளும் சும்மா இருத்தல் ஆகாது. ஆண்டுக்கு ஒரு நாளாவது அங்கத்தினர்களை அழைத்து, நியமனம், திருமணப் பதிவு, பெயர் ஆகிய மூன்றையும் சரிபார்க்க வேண்டும். சந்தா வாங்குவதைப் போல இதுவும் கிளையின் வேலையே.

அரசாங்கத்தை நாம் கேட்பதும் அதிகமில்லை. மனு முறையைத் தமிழில் விளக்கும் தாள் ஒவ்வொரு மாவட்ட நில அலுவலகத்திலும் இருக்கட்டும். தோட்டங்கள் நிறைந்த மாவட்டங்களில் அதிகாரிகள் தோட்டத்து மண்டபத்துக்கே வந்து விசாரணை நடத்தட்டும். நாள் கூலி இழந்து, பஸ் ஏறி, "நாளை வா" என்ற சொல்லைக் கேட்டுத் திரும்பும் மூதாட்டிக்கு 50 லட்சம் வெள்ளி எல்லையால் பயனில்லை. பத்திரம் எழுதிக் கொடுக்கும் ஓர் ஆளால்தான் பயன்.

சம்பள உயர்வுக்காகச் சங்கம் போராடுகிறது. போராடிப் பெற்ற காசு தொழிலாளியின் மரணத்தோடு யாருக்கும் ஆகாமல் முடங்கிவிட்டால் அந்தப் போராட்டத்தில் பாதி வீண். ஆகவே அடுத்த சம்பளத்துக்குள், சேமநிதி நியமனத்தில் எவர் பெயர் இருக்கிறது என்பதை ஒவ்வோர் அங்கத்தினரும் பார்த்துவிடுக என்று கேட்டுக்கொள்கிறோம்.