பூமியின் கூச்சல்

விருத்தாசலத்தை அடுத்த கருவேப்பிலங்குறிச்சி போன்ற ஊரில், எல்லோரும் உறங்கிய பின் வாசலில் வந்து நின்றால், "ஆகா, என்ன நிசப்தம்!" என்று சொல்லத் தோன்றும். ரேடியோ அலைகளை உணரும் செவி மட்டும் நமக்கு வாய்த்திருந்தால், அந்த வேளையிலும் காதைப் பொத்திக்கொண்டு ஓடியிருப்போம். பண்பலை நிலையங்களும் கைப்பேசிக் கோபுரங்களும் ஓயாமல் இரைகின்றன. மின்கம்பத்துப் பீங்கானில் விரிசல் கண்டு பொறி தெறித்தால் அதுவும் ரேடியோவில் கரகரக்கும்.

இந்தக் கூச்சல் ஆகாயத்தையும் எட்டுகிறது. விண்ணொலி கேட்பதற்காக 1968-இல் அமெரிக்கர் ஏவிய செயற்கைக் கோளின் செவியில் பூமியின் இரைச்சலே வந்து மோதியது. 1973-இல் அவர்கள் அனுப்பிய இன்னொன்று சந்திரனைச் சுற்றியது. அது சந்திரனுக்குப் பின்னால் மறைந்த போதெல்லாம் இரைச்சல் சட்டென்று அடங்கிற்று!

2009-இல் ஐரோப்பியர் அனுப்பிய 'ஸ்மாஸ்' என்னும் கோள் மண்ணின் ஈரத்தை அளப்பதற்கானது. அது கவனிக்கும் 1400 முதல் 1427 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைவரிசையில் எவரும் ஒலிபரப்பக் கூடாதென்பது சர்வதேச விதி. ஆயினும் பல தேசங்களிலிருந்து அங்கே சப்தம் எழுந்தது. எங்கெங்கே எழுகிறதென்று விஞ்ஞானிகள் படம் வரைந்து அந்தந்த ஸர்க்காருக்குத் தெரிவித்தார்கள். அதன் பிறகே பல வாய்கள் மூடின.

இதற்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று நேயர்கள் கேட்கலாம். ஆதி நட்சத்திரங்கள் தோன்றிய காலத்து ஹைட்ரஜன் வாயுவின் மெல்லிய அலை, 1,300 கோடி ஆண்டுகள் பிரயாணம் செய்து, நம் பண்பலை நிலையங்கள் முழங்கும் அலைவரிசையிலேயே வந்து சேருகிறது. நாதஸ்வரக் கச்சேரியின் நடுவே எறும்பின் காலடியைக் கேட்பது போன்ற காரியம்! அந்த அலையைக் கண்டுவிட்டதாக 2018-இல் அமெரிக்கர் சிலர் அறிவித்தனர். பெங்களூர் ராமன் ஆராய்ச்சி நிலையத்தார் 2020-இல் கர்நாடகத்து நீர்நிலைகளில் 'ஸாரஸ்' என்ற கருவியை மிதக்கவிட்டுச் சோதித்து, அம்முடிவு ஒவ்வாதென்று 2022-இல் காட்டினார்கள். விண்வெளியில் எந்தப் பாதையில் எவ்வளவு பண்பலை இரைச்சல் இருக்கும் என்று கணக்கிடும் முறையையும் 2023-இல் வகுத்தார்கள். 'பிரதுஷ்' என்ற கருவியைச் சந்திரனைச் சுற்றிவரச் செய்வது அவர்களுடைய யோசனை. தேசம் பெருமையுடன் ஆதரிக்க வேண்டிய முயற்சி இது.

சந்திரனின் மறுபுறமே இன்று நமக்கு எஞ்சியுள்ள மௌன மண்டபம். அதைக் காக்கவும் சர்வதேச விதி உண்டு. ஆனால் விதியிருந்தும் 1400 மெகாஹெர்ட்ஸுக்கு நேர்ந்த கதியைப் பார்த்தோம். சந்திரனை நாடும் தேசங்கள், 2023-இல் அங்கு இறங்கிய நம் தேசம் உள்பட, இப்போதே விழித்துக்கொள்ள வேண்டும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது அன்றோ?