அடுத்த பாகம் தானாக ஓட வேண்டுமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கும் நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி எது தெரியுமா? வேர்டு, எக்செல் பற்றியது அல்ல. "மார்வெல் படங்களை எந்த வரிசையில் பார்க்கணும் அண்ணே?" என்பதுதான்! திருநெல்வேலி டவுனில் எங்கள் தெருத் தம்பி ஒருவன் லேப்டாப் வாங்கிய அன்றே இதைக் கேட்டான். பட்டியல் எழுதிக் கொடுக்க உட்கார்ந்தேன். பாதியில் பேனாவை மூடி வைத்துவிட்டேன். ஏன் என்பதை உங்களுக்கும் சொல்கிறேன்.

2008-ல் 'அயர்ன் மேன்' வந்தது. 2019 ஏப்ரலில் வந்த 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' அந்த வரிசையில் 22-வது படம். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பார்த்தால் சுமார் 50 மணி நேரம் ஆகும். அந்த ஆண்டுதான் நான் இன்ஜினியரிங் முடித்தேன். ஹாஸ்டல் நண்பர்கள் பத்துப் பேர் ஒன்றாகப் போய்ப் பார்த்தோம். தமிழில் அயர்ன் மேனுக்கு விஜய் சேதுபதி குரல் கொடுத்திருந்தார். அந்தக் குரல் பொருந்துகிறதா இல்லையா என்று பஸ்ஸில் சண்டை போட்டுக்கொண்டே திரும்பினோம். கதை முடிந்தது. மனசும் நிறைந்தது.

அதோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை.

2021-ல் மட்டும் 4 படங்கள், 5 தொடர்கள் வந்தன. 2023 நவம்பரில் வந்த 'தி மார்வெல்ஸ்' படத்தை முழுதாகப் புரிந்துகொள்ள, அதற்கு முன் ஒரு படமும் இரண்டு தொடர்களும் பார்த்திருக்க வேண்டும். சாஃப்ட்வேரில் இதை 'டிபென்டன்சி' என்போம். ஒரு சிறிய புரோகிராமை இன்ஸ்டால் செய்யப் போவீர்கள். "முதலில் அதைப் போடு" என்று அது கேட்கும். அதைப் போட்டால் "இன்னொன்று வேண்டும்" என்று கேட்கும். கடைசியில், எதற்காக ஆரம்பித்தோம் என்பதே மறந்துவிடும். 'தி மார்வெல்ஸ்' அதுவரை வந்த மார்வெல் படங்களிலேயே மிகக் குறைந்த வசூலைப் பெற்றது. படங்களையும் தொடர்களையும் குறைத்துக்கொள்ளப் போவதாக டிஸ்னி நிறுவனமே பின்னர் அறிவித்தது. கடைக்காரரே "போதும்" என்ற பிறகும் நான் தட்டை நீட்டிக்கொண்டிருந்தேன்!

ஹாலிவுட்டை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நம் ஊர்க் கதையையே பாருங்கள். ஹரி இயக்கத்தில் விக்ரம் நடித்த 'சாமி' 2003-ல் வந்தது. கதை நடப்பதே திருநெல்வேலியில். ஆறு வயதுப் பையனாக அப்பாவின் மடியில் உட்கார்ந்து பார்த்தேன். நம் ஊர்ப் பேச்சைத் திரையில் கேட்டுத் தியேட்டரே அதிர்ந்தது. பெருமாள் பிச்சை ஒழிந்தான், ஆறுச்சாமியும் புவனாவும் நன்றாக இருந்தார்கள், நாங்கள் வீட்டுக்கு வந்து நிம்மதியாகத் தூங்கினோம். 15 ஆண்டுகள் கழித்து, 2018-ல் 'சாமி ஸ்கொயர்' வந்தது. வில்லனின் மகன் பழிவாங்க வருகிறான். ஆறுச்சாமியும் புவனாவும் கொல்லப்படுகிறார்கள். புதுக் கதை ஓட வேண்டும் என்பதற்காக, முடிந்துபோன பழைய கதையின் சந்தோஷத்தைப் பலி கொடுத்துவிட்டார்கள். இடைவேளையில் அப்பா என்னிடம், "நாம பாத்தது அந்த ஒரு படந்தாம்லே" என்றார். அதோடு அவருக்கு அது முடிந்துவிட்டது. அவர் அளவுக்கு எனக்குத் தெளிவு இல்லை.

"தொடர்ச்சி என்றாலே மோசமா?" என்று கேட்கலாம். இல்லை. 'அரண்மனை' வரிசையின் நான்காவது படம் 2024-ல் நன்றாகவே ஓடியது. முந்தைய மூன்றைப் பார்க்காதவருக்கும் அது புரியும். அதே ஆண்டு மார்வெலின் 'டெட்பூல் & வோல்வரின்' வசூலை அள்ளியது. அவர்கள் எப்போது நிறுத்துவது என்பதை வசூல் முடிவு செய்யும். நீங்கள் எப்போது நிறுத்துவது என்பதை அது முடிவு செய்யக் கூடாது. என் கருத்து இவ்வளவுதான்.

நம் பக்கத்துக் கோவில் கொடைகளில் வில்லுப்பாட்டு கேட்டிருப்பீர்கள். பாபநாசத்துக்கு மேலே சொரிமுத்து அய்யனார் கோவிலில் இருக்கும் பட்டவராயனின் கதையான முத்துப்பட்டன் கதையையும் வில்லில் பாடுவார்கள். பசுக்களைக் காக்கப் போய்ச் சண்டையில் உயிர் விட்ட வீரன் அவர். நம் ஊர் சூப்பர் ஹீரோ! காப்பில் தொடங்கி, கதை சொல்லி, கடைசியில் வாழி பாடி முடிப்பார்கள். கேட்டவர்கள் எழுந்து வீட்டுக்குப் போவார்கள். அடுத்த ஆண்டு அதே கதையை மறுபடி முதலிலிருந்து கேட்பார்கள். பட்டன் இரண்டாம் பாகத்துக்குத் திரும்பி வருவதில்லை. அதனால்தான் அவர் மனதில் நிற்கிறார்.

சரி, நான் ஏன் நிறுத்தவில்லை? "இவ்வளவு பார்த்தாச்சு, இப்போ விட்டா எப்படி?" என்ற எண்ணம்தான். எங்கள் புராஜெக்ட் ஒன்றில் மூன்று மாதம் எழுதிய கோடை, பயன்படாது என்று தெரிந்ததும் ஒரே நாளில் டெலிட் செய்தோம். வலித்தது. ஆனால் வைத்திருந்தால் இன்னும் மூன்று மாதம் வீணாகியிருக்கும். ஆபீஸில் எனக்குத் தெரிந்த இந்தக் கணக்கு வீட்டில் தெரியவில்லை.

அதற்குக் கொடுத்த விலையையும் சொல்லிவிடுகிறேன். வீட்டிலிருந்தே வேலை பார்த்த நாட்களில், ஞாயிறு காலையில் அப்பா குறுக்குத்துறைக்கு ஆற்றில் குளிக்கக் கிளம்புவார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு என் அறை வாசலில் நின்று, "ஏலே, வாரியா?" என்பார். "இந்த எபிசோட் முடியட்டும்ப்பா" என்பேன். அது முடிந்தால் அடுத்தது தானாக ஓடும். சில மாதங்கள் கேட்டார். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டார். அவர் கேட்பதில்லை என்பதே எனக்கு வெகு நாள் கழித்துத்தான் உறைத்தது. அந்த ஞாயிறுகளில் நான் என்ன பார்த்தேன் என்று இன்று கேட்டால், பாதிக் கதை நினைவில் இல்லை.

புதிய கம்ப்யூட்டர் வாங்கியிருப்பவர்கள் அடுத்த பாகத்தைத் தொடும் முன் இந்த மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்:

1. போன பாகத்தின் கதையை இரண்டு வரியில் சொல்ல முடிகிறதா?

2. இதுதான் முதல் பாகம் என்றால் பார்க்க ஆரம்பிப்பீர்களா?

3. ரசிப்பதற்காகப் பார்க்கிறீர்களா, முடிப்பதற்காகவா?

இரண்டுக்கு மேல் தப்பான பதில் வந்தால் மூடிவிடுங்கள். பாதியில் விட்டதற்கு யாரும் மார்க் குறைக்க மாட்டார்கள்.

அடுத்து, ஒரு சின்ன வேலை. நெட்ஃபிளிக்ஸில் உங்கள் அக்கவுண்ட் பக்கத்துக்குப் போய், உங்கள் புரொஃபைலில் 'பிளேபேக் செட்டிங்ஸ்' பகுதியைத் திறக்கவும். அடுத்த எபிசோடைத் தானாக ஓட்டும் 'ஆட்டோபிளே' கட்டத்தில் உள்ள டிக்கை எடுத்துவிட்டு சேவ் செய்யவும். யூடியூபில் வீடியோவின் கீழ்ப்பகுதியிலேயே ஆட்டோபிளே பட்டன் இருக்கும். ஒரு க்ளிக்கில் அணைத்துவிடலாம். இதனால் படம் ஒன்றும் ஓடிப்போகாது. அடுத்ததைப் பார்ப்பதா வேண்டாமா என்று யோசிக்க ஒரு நிமிடம் உங்களுக்குக் கிடைக்கும். எனக்கு அந்த ஒரு நிமிடம் போதுமானதாக இருந்தது.

பொதிகையில் பிறக்கும் தாமிரபரணி சுமார் 128 கிலோமீட்டர் ஓடிப் புன்னைக்காயல் அருகே கடலில் சேர்ந்துவிடுகிறது. பெரிய நீளம் இல்லை. அதனால் யாரும் அதைச் சின்ன ஆறு என்று சொல்வதில்லை.

தெருத் தம்பிக்கு 'எண்ட்கேம்' வரை பட்டியல் போட்டு, கீழே ஒரு கோடு இழுத்துக் கொடுத்தேன். கோட்டுக்குக் கீழே எழுதுவது அவன் விருப்பம். போன ஞாயிறு அப்பா வாசலில் வந்து நிற்கவில்லை. நானே துண்டை எடுத்துக்கொண்டு போய், "அப்பா, ஆத்துக்குப் போவமா?" என்று கேட்டேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "என்னலே, கரண்ட் இல்லையா?" என்றார்.